ஆட்சேபணை இல்லை

கண்ணு,

அன்று காலையில் கார் நம் வாசலில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது, பின் இருக்கையில் விரித்திருந்த ஒரு சின்ன மெத்தையை. புதிதாகத் தைத்தது. ஓரம் முழுக்கப் பச்சை நூலால் தையல் போட்டிருந்தது. பெரியவர்கள் உட்காருவதற்கான அளவில் இல்லை. நடை பழகும் பிள்ளை ஒன்று கையைக் காலை நீட்டிப் படுத்தால் சரியாக இருக்கும். உன் பெரியப்பா இறங்கினார், பெரியம்மா இறங்கினாள், என் அப்பா, உன் தாத்தா, கைகூப்பிக்கொண்டு ஓடினார், தெருவே கூடியது. நான் கதவுக்குப் பின்னால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மெத்தையையே பார்த்தபடி நின்றேன். அவர்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே மெத்தை வந்துவிட்டது.

நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்ன வயதாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பத்தொன்பது. நீ என்னைவிடப் பெரியவனாகிவிட்டிருந்தால் யாரோ ஒரு சின்னப் பெண் எழுதியதாக நினைத்துப் படி. ஆனாலும் எழுதியவள் உன் அம்மா. இதை உன் பெரியம்மா முதலில் படிப்பாள். படிக்கட்டும். அவளுக்கே அனுப்பப் போகிறேன், உறையை ஒட்டாமல். அவளுக்கோ உன் பெரியப்பாவுக்கோ தெரியக்கூடாதது இதில் ஒன்றுமில்லை. அவர்கள் எதிரில் வாயால் சொல்ல முடியாமல் போனதுதான் இருக்கிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். வாத்தியார் ஒவ்வொருவராக எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார். என் முறை வரும்போது எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், குரல்தான் வராது. அதனால் பெரியவளாகி வீட்டில் உட்கார வைத்தபோது நான் அழவில்லை. இனி யாரும் எழுந்து நின்று படிக்கச் சொல்லமாட்டார்கள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு படிக்க வைத்தது உன் அப்பா. அவருக்கு ஒரே பாடப்புத்தகம்தான்: பேப்பரில் அவருடைய அண்ணனைப் பற்றி என்ன வந்தாலும் அது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வார். "படி, கேக்கலாம்" என்பார். நான் முணுமுணுப்பேன். "இன்னாடி, பேப்பர்காரனுக்குக் கேக்கவாணாம், எனக்குக் கேட்டா போதும்" என்பார். அப்படித்தான் உன் பெரியப்பாவின் வாழ்க்கை எனக்குத் தெரியும். அவரோடு பேசித் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. நம் வீடுகளில் புருஷனுடைய அண்ணன் எதிரில் பெண்கள் பேசுவதில்லை. நான் யார் எதிரிலும் பேசாதவள். அவரைப் பாவா என்று மனசுக்குள் கூப்பிடுவதோடு சரி.

அவருடைய வீட்டில் நீ வளரப் போகிறாய். அவரைப் பற்றிப் பட்டணத்தில் உனக்கு நிறையப் பேர் சொல்வார்கள். மேடையில் சொல்வார்கள், படத்தைத் திறந்து வைத்துச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் இந்தத் திருத்தணியில் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். உன் அப்பாவுக்குப் பத்து வயது இருக்கும்போது அவர்களுடைய தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அண்ணன்தான் சோறு வடித்துப் போட்டுத் தம்பியை வளர்த்தார். ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் அவர் முதல்முறை உட்கார்ந்த வருஷம், கிருத்திகைக் கூட்டத்தில் வாந்திபேதி வந்துவிடுமோ என்று பயம். கிணறுகளில் மருந்து போடச் சொன்னார். மலைக்கு வந்த ஜனங்கள் மருந்து வாளியைப் பிடுங்கி வீசிவிட்டார்கள். "முருகன் தீர்த்தத்துல மருந்து கலக்கறியா, நாசமா போறவனே!" என்று ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினாராம். பாவா மருந்து போட்ட கிணற்றில் ஒரு செம்பு இறைத்து எல்லாரும் பார்க்கக் குடித்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கும் ஒரு செம்பு கொடுத்தார். உன் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "எனக்கு அது வேப்பெண்ணெ மாரி இருந்துச்சு. ஆனா அண்ணன் மூஞ்சியப் பாத்துகினே குடிச்சிட்டேன். நான் குடிச்சதுக்கு அப்புறந்தான் ஜனங்க குடிச்சாங்க. சின்னப் பையனுக்கே குடுக்கறான்னா வெஷமா இருக்காதுன்னு நெனச்சாங்க போல." அவர் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. ஊர் நம்பவேண்டும் என்றால் தன் வீட்டுப் பிள்ளையை முதலில் குடிக்க வைக்கிறவர் அவர் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்ததால்தான் அந்த வருஷம் நிறையப் பேர் பிழைத்திருப்பார்கள். நீ அவர் வீட்டில் இருக்கப் போகிறவன், தெரிந்து வைத்துக்கொள் என்று சொல்கிறேன்.

அதன்பிறகு பட்டணம் போனார். காகிதக் கடை வைத்தார். குடிசைகள் நிறைந்த ஒரு வட்டத்துக்குக் கவுன்சிலராக வந்தார். தெருக்குழாயில் தினமும் பெண்களுக்குள் குடச்சண்டை. ஒருநாள் காலையில் குடையோடு போய்க் குழாய் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாராம். "யாரும் சண்டை போடவாணாம், நான் பாத்துகினு இருக்கேன்" என்று வரிசை வைத்துத் தண்ணீர் பிடிக்கச் செய்தாராம். "கவுன்சிலரே, அப்படியே எங்க வீட்டு அடுப்பாண்ட வந்து உக்காரு, மாமியாளும் சண்டைய வுடுவா" என்று ஒருத்தி கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டாராம். அப்படியே தினமும் போய், இன்னொரு குழாய் வரும்வரை விடவில்லை. உலக யுத்த காலத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியாகி, அரக்கோணம் வண்டிகளில் தொங்கிக்கொண்டு ஜனங்கள் இந்தப் பக்கம் வந்தார்கள் இல்லையா, அப்போது உன் பெரியம்மாவைத் திருத்தணியில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பிப் போனார். ஓடிப்போக இடமில்லாதவர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள், அவர்களோடு இருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர் அட்சதை போட்டுவிட்டுப் பந்தியில் உட்காராமல் ரயிலுக்குப் போய்விட்டார். நான் தலை குனிந்திருந்ததால் அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன்.

அவரை மேயராகத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு நம் தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள். உன் தாத்தா மலையடிவாரத்தில் இருக்கும் தன் தேங்காய்க் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பேப்பரிலிருந்து வெட்டிய பாவாவின் படத்தை ஒட்டினார். சிவப்பு அங்கி, மார்பில் பெரிய சங்கிலி. அடுத்த மாதமே உன் அப்பா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய்ச் சபை நடப்பதைக் காட்டினார். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். மாடியில் பார்க்கிறவர்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கீழே எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. பாவா ஏதோ படிப்பார், நிமிர்வார், ஒரு கேள்வி கேட்பார், சபையைப் பார்ப்பார், கட்டையால் மேஜையில் ஒரு தட்டு. மறுபடியும் படிப்பார். "இன்னா கேக்கறாரு?" என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேக்கறாரு. எவனும் வாயத் தொறக்கலன்னா நிறைவேறிச்சுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "பேசாம இருந்தா சம்மதமா?" என்றேன். "ஆங். அங்க அப்படித்தான்" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. "இன்னிக்கு சாயங்காலம் கேவுரு களி. ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியால் சொம்பில் ஒரு தட்டு. "நிறைவேறிச்சு!" உனக்கு அப்பாவின் குரல் ஞாபகம் இருக்காது. அதனால் எழுதுகிறேன். மெல்லிய குரல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்.

உனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டாள். அதனால் நீ பிறந்ததும் தெருவே சொன்னது, இதைத் தவிட்டுக்கு விற்றுவிடு என்று. நம் பக்கத்து வழக்கம் உனக்குப் பட்டணத்தில் தெரியாமல் போகலாம். முதல் பிள்ளை தங்கவில்லை என்றால் அடுத்ததை ஒரு முறத்தில் போட்டு இன்னொருத்தியிடம் விற்பார்கள். அவள் ஒரு கை தவிடு கொடுத்து வாங்குவாள். இது இவளுடைய பிள்ளை இல்லை, வேறொருத்தியின் பிள்ளை என்று எமனை ஏமாற்றுவது. பிறகு வாங்கினவள், "என் புள்ள. வளத்துக் குடு" என்று சொல்லித் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். நம் தெருவில் அப்படி வாங்குகிறவள் பக்கத்து வீட்டு பீபி அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் ரயிலடியில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறார், காஸ்லைட் வாடகைக்கு விடுகிறார். அவளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள். "இந்தத் தெருவுல பாதிப் பசங்க என் சொத்துதான்" என்பாள். "ஏன் என்கிட்டயே விக்கறாங்க தெரியுமா? வாங்கி வச்சிக்க என் வூட்ல எடம் ஏது! அங்கயே திருப்பிக் குடுத்துடுவேன் இல்ல!" அதுதான் வழக்கத்தின் முக்கியம், கண்ணு. நிறையப் பெற்றவளிடம் விற்கவேண்டும். பிள்ளை இல்லாதவளிடம் விற்கக்கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் இதைச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் முறத்தில் உன்னைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். பீபி அக்கா முந்தானையில் தவிடு கொண்டுவந்தாள். அந்த நேரத்தில் காவடி பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்த உன் பெரியம்மா வண்டியை விட்டு இறங்கினாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னோம். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் மடி நிறையாதவள் அவள். முறத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். "நான் வாங்கறேன்" என்றாள். பீபி அக்கா என்னைப் பார்த்தாள். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தாத்தாவைப் பார்த்தார். தாத்தாவுக்கு மேயர் சம்சாரம் தன் வாசலில் வந்து கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் முகமெல்லாம் பல். "வாங்கும்மா, ஒங்க புள்ளதான!" என்றார். "மேயர் வூட்டம்மா கேக்கறப்ப நான் இன்னா பேசறது" என்று பீபி அக்கா தன் முந்தானையிலிருந்த தவிட்டை அவளுடைய கையில் கொட்டினாள். அவள் உன்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. காவடிச் சத்தம் கிட்டே வந்து, தெருவைக் கடந்து, மலைப்பக்கம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் "என் புள்ள. வளத்துக் குடு" என்றாள். மற்றவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவள் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

ஐப்பசியில் பட்டணத்தில் விடாத மழை. ஆற்றோரக் குடிசைகளெல்லாம் முழுகின. உன் அப்பா பேப்பரைப் பார்த்தார், வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். "அண்ணன் தனியா கெடப்பாரு" என்றார். மேயருக்கு எத்தனை ஆள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழவர்களையும் பிள்ளைகளையும் தோளில் தூக்கிக் கரை சேர்த்தாராம். பத்திருபது நாளில் விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஆள் வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு தாத்தாவோடு ரயில் ஏறினேன்.

நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், எல்லாரும் வெள்ளத்தில் வந்தவர்கள். ஒருநாள் மேயர் பார்வையிட வருகிறார் என்று சுத்தம் செய்தார்கள். பாவா வந்தார். கூட ஐந்தாறு பேர். முதல் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாக நின்று, குனிந்து, கையைத் தொட்டுக் கேட்டார்: "சாப்பாடு நேரத்துக்கு வருதா? மருந்து தராங்களா? வேற கொறை உண்டா?" அவர்கள் சொன்னதைக் கேட்டார். அடுத்த கட்டில். அடுத்த கட்டில். அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். குனிந்தார். கையைத் தொட்டார். "சாப்பாடு நேரத்துக்கு வருதா? மருந்து தராங்களா? வேற கொறை உண்டா?" உன் அப்பா, "எல்லாம் வருதுண்ணா" என்றார். பாவா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தரையில் உட்கார்ந்திருந்த என்னையோ, என் மடியில் இருந்த உன்னையோ அவர் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். உன் அப்பா காய்ச்சலோடு சிரித்தார். "பைத்தியம். எனக்குன்னு தனியா ஒண்ணு கேட்டா அப்புறம் அவரு மேயரா? பக்கத்துக் கட்டில்காரன் இன்னா நெனப்பான்?" என்றார். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிஜமாகவே பெருமை, கண்ணு. எனக்காகச் சொன்னது இல்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில் ஒன்று இங்கே இருக்கிறது. நீயும் ஒருநாள் இந்த மாதிரி வேலைக்குப் போகலாம். அந்த வீட்டில் வளர்கிற பிள்ளை மளிகைக் கடை வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கூடம் முழுக்கக் கட்டில்கள் இருந்தால் எல்லாரையும் கேள். ஒரே மாதிரி கேள். அதில் உன் மனுஷன் ஒருத்தன் இருந்தால், வெளியே போய் மற்றவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வா. வந்து உட்கார். கேள்வி ஒன்றும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும். பாவா திரும்பி வருவார் என்று அன்று சாயங்காலம் வரை நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையில் உன் பெரியம்மா வந்தாள். எனக்குப் புடவை, உனக்குச் சட்டைகள். தாத்தாவிடம்தான் பேசினாள். "தவுடு குடுத்து வாங்கினவ நான், மாமா. வளத்துக் குடுன்னு சொல்லித்தான குடுத்தேன்? இவ சின்னப் பொண்ணு. இவளால இன்னா பண்ண முடியும்?" அவளை நீ கெட்டவள் என்று நினைக்காதே. நீ அவள் விரலைப் பிடித்து இழுத்தபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். எங்கள் எல்லாரையும்விட அந்த வழக்கத்தை நம்பினவள் அவள்தான். அவள் போன பிறகு பீபி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்: "அன்னிக்கே நான் வாங்கறேன்னு அடிச்சிப் பேசி இருக்கணும்டி. பெரிய மனுஷங்கன்னு வாயப் பொத்திகினேன். நீயாவது பேசு. வேணாம்னு ஒரு வார்த்த. ஒரு வார்த்ததான!" தாத்தா வேறு மாதிரி சொன்னார். "தேங்கா ஒடைக்கற வூட்ல வளந்தா தேங்கா ஒடைப்பான். அங்க வளந்தா? யோசிச்சுப் பாரு." நான் யோசித்தேன். அதில் நிஜமும் இருந்தது. அதுதான் என் வாயை இன்னும் கட்டியது.

ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை நான் தயார் செய்தேன். தண்ணீர் சேந்தும்போது சொல்லிப் பார்ப்பேன். மாவு அரைக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். "பாவா, வேணாம்." கல் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. "பாவா, எம்புள்ள என்கிட்டயே இருக்கட்டும்." உன்னைக் குளிப்பாட்டும்போது உன்னிடமே சொல்வேன். நீ சிரிப்பாய்.

பாவாவின் மேயர் வருஷம் முடிந்தது. சொந்த ஊரில் வரவேற்பு என்று மார்க்கெட் முனையில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, அந்தச் சித்திரைக் காலையில் அவரை அழைத்திருந்தார்கள். பந்தலுக்குப் போகும் வழியில்தான் நம் வாசலில் கார் நின்றது. பீபி அக்கா வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். அவர் உட்கார்ந்தார். தலை இந்த ஒரு வருஷத்தில் முழுக்க வெளுத்திருந்தது. தாத்தாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தம்பி கட்டிலாண்ட உக்காந்தா அப்புறம் எழுந்திருக்க மாட்டேன்னு பயந்துட்டேன், நைனா. மறுநாள் வரலாம்னு நெனச்சேன். மறுநாள் வேற எடத்துல தண்ணி." பிறகு உன்னை என்னிடமிருந்து பெரியம்மா வாங்கிக் கொடுக்க, அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உன் நெற்றி அப்படியே அப்பாவினுடையது. அவருடைய கை உன் நெற்றிக்குக் கிட்டே போனது, தொடாமல் திரும்பியது.

"அம்மாடி" என்று கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "உன்னக் கேக்காம நான் ஒண்ணும் செய்யமாட்டேன். புள்ளைய நாங்க கூட்டிகினு போய் வளக்கறோம். நல்லாப் படிக்கவைப்போம். உனக்கு எப்பப் பாக்கணும்னாலும் வந்து பாரு. ஒனக்கு சம்மதமா?"

நான் கதவை விட்டு வெளியே வந்து நின்றேன். அதுவே எனக்குப் பெரிய காரியம். தலை நிமிரவில்லை. வார்த்தை வாய்க்குள் இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பது போல, கிட்டே வந்துவிட்டது. வெளியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்: "ஐயா, பந்தல்ல ஜனங்க காத்துகினு இருக்காங்க." பாவா அவரைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்து மறுபடியும் கேட்டார், மெல்ல, நியாயமாக, சபையில் எல்லாரையும் கேட்பது போலவே:

"ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

அவருக்குத் தெரியாது, அது எங்கள் விளையாட்டு என்று. அந்தக் கேள்வி இந்த வீட்டில் இதற்கு முன் எந்தக் குரலில் கேட்டது என்று தெரியாது. நான் இழுத்துக்கொண்டு வந்த குடம் அப்படியே உள்ளே விழுந்துவிட்டது. "அவ இன்னா சொல்லப்போறா, ஒங்க தம்பி புள்ள" என்றார் தாத்தா. பாவா இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையில் உள்ளங்கையால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். "சரி" என்றார்.

கண்ணு, நான் உன்னைக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தது, அதன் வழியாக நீ போனாய். யாராவது நாளைக்கு "உன் அம்மா சந்தோஷமாகத்தான் கொடுத்தாள்" என்று சொன்னால், அவர்கள் பொய் சொல்வதாக நினைக்காதே. அவர்கள் கண்டது அதுதான். ஆனால் நீ நாளைக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேருக்கு எதிரில் கேள்வி கேட்கிறவனாக ஆனால், கேட்டுவிட்டு நில். பேசத் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பாயோ அவ்வளவு போதாது. பின்னால் ஒருத்தி தலை குனிந்து நிற்பாள், அவளுக்காக நில். அவளிடம் போய்த் தனியாகக் கேள். நாளைக்கு வருகிறேன், யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வா. உன் பெரியப்பா நல்லவர். நான் பேசியிருந்தால் அவர் உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நினைப்புதான் என்னைச் சாப்பிட விடுவதில்லை.

நல்லவரோடு நீ நன்றாக இரு. அவருக்கு வயதாகிறது, வெளியிலிருந்து களைத்து வரும்போது போய்ப் பக்கத்தில் உட்கார். பெரியம்மாவை அம்மா என்றே கூப்பிடு, அதற்காக அவள் வெகுநாள் காத்திருந்தாள். பல் முளைக்கும் நேரத்தில் உனக்குக் காது வலி வரும், பூண்டை எண்ணெயில் காய்ச்சி வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விடவேண்டும் என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள். உன் அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு வந்தால் வெள்ளத்தில் தோள் கொடுத்தவர் என்று சொல்வார்கள். கேவுரு களி சாப்பிடும்போது அவர் சிரித்த சிரிப்பைச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அதனால்தான் எழுதினேன்.

வரவேற்பு முடியும்வரை உன்னை என்னிடமே விட்டிருந்தார்கள். அது முடிந்து கார் நம் தெரு வழியாகவே திரும்பியது. நீ பால் குடித்துத் தூங்கிவிட்டிருந்தாய். பெரியம்மா உன்னை வாங்கி அந்த மெத்தையில் படுக்க வைத்தாள். வேறு சடங்கு ஒன்றும் வேண்டாம், தவிடு அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தெருக்காரர்கள் கூடி நின்று பாவாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கார் உறுமியது. அப்போது எனக்குக் குரல் வந்தது.

"பாவா!"

தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது. அவரும் திரும்பினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், சிரித்தார், இரண்டு கையையும் கூப்பினார், கூட்டத்துக்குக் கூப்புவது போல. கார் ரயிலடிப் பக்கம் திரும்பிவிட்டது.

எல்லாரும் கலைந்த பிறகு உள்ளே போனேன். தாத்தா மூலையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏற எனக்கு மார்பு கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம், பீபி அக்காவுக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளை வீறிட்டு அழுதது. அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பால் சரியாக இல்லை. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் பின்கதவு வழியாகப் போய், தொட்டிலை நிறுத்தி, அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.